உடையாத நுரை

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று உடலினுள் இருக்கும் மூன்று உறுப்புகளுக்கு ஒரே குடும்பப் பெயரை வைத்து, அந்தப் பெயருக்கு முன்னால் கல்லையும் மண்ணையும் நுரையையும் நிறுத்திய நம் முன்னோர், நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்தவர்கள் அல்லர். ஆட்டை அறுத்துப் பங்கிடும்போது கையில் எடுத்துப் பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். கெட்டியாகக் கனத்தது ஒன்று, குழைந்து கருஞ்சிவப்பாய் இருந்தது ஒன்று. மூன்றாவதோ பஞ்சுபோல் அமுங்கி, அறுத்த இடத்தை அழுத்தினால் குமிழி குமிழியாக நுரை கக்கி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டால் மற்றவை மூழ்க, தான் மட்டும் மிதந்தது. சுவாசகோசம் என்ற வடமொழிப் பெயர் அந்த உறுப்பு செய்யும் தொழிலைச் சொல்லுகிறது. நுரையீரல் என்ற தமிழ்ப் பெயரோ அது எதனால் ஆனது என்பதையே சொல்லிவிடுகிறது.

ஆனால் நுரை என்றதும் நம் மனத்தில் எழுவது நிலையாமை. நீர்க்குமிழியைப் பார்த்து வாழ்க்கையின் அநித்தியத்தை எண்ணாத பெரியோர் நம் நாட்டில் இல்லை. அப்படிப்பட்ட பண்டத்தால் ஆன ஓர் உறுப்பு, நிமிஷத்துக்குப் பதினைந்து தடவையாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 தடவை விரிந்தும் சுருங்கியும், எண்பது வருஷம் உடையாமல் நிற்பது எங்ஙனம்? இந்தக் கேள்விக்குச் சரியான விடை இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கிடைத்தது. அந்த விடை, பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்த பல்லாயிரம் சிசுக்களின் உயிரைக் காப்பாற்றியது. அதற்குப் போகுமுன், காற்று அந்த நுரையைச் சென்று அடையும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நலம்.

வழியின் வாசல் மூக்கு. வாசனை அறிவதற்கும் முகத்துக்கு அழகு தருவதற்குமே மூக்கு ஏற்பட்டது என்று நினைப்போர், அதன் உட்புறத்தைப் பார்த்ததில்லை. பக்கத்துக்கு மூன்றாக, சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் இரத்தம் நிறைந்த ஈரச்சவ்வு போர்த்தியிருக்கிறது. மார்கழி விடியலின் குளிர்காற்றாயினும், சித்திரை நண்பகலின் வறண்ட காற்றாயினும், அந்தத் தகடுகளின் இடுக்கில் புகுந்து வளைந்து வெளிவருவதற்குள், உடலின் உஷ்ணத்தை நெருங்கி, வேண்டிய ஈரத்தையும் ஏற்று, புழுதியில் பெரும்பகுதியைச் சளியில் விட்டுவிட்டுத்தான் தொண்டைக்கு இறங்குகிறது. வாயால் மூச்சுவிட்டு உறங்கியவன் காலையில் தொண்டை காய்ந்து எழுந்திருப்பது, இந்தப் பணிவிடை நடைபெறாத குறையினால்தான்.

தொண்டையில் ஒரு நாற்சந்தி இருக்கிறது. ஆகாரம் போகும் வழியும் காற்று போகும் வழியும் அங்கே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. காற்றின் பாதை முன்புறம் சாய்ந்து குரல்வளைக்குள் இறங்குகிறது. ஆகாரத்தின் பாதை அதற்குப் பின்னால் செல்கிறது. கழுத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள்; குரல்வளை மேலெழும்பிக் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அது எழும்பும் அந்தக் கணத்தில் குரல் நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி வாயிலை அடைக்கின்றன. மேலிருந்து இலைபோன்ற ஒரு மூடியும் கவிந்துகொள்கிறது. விழுங்கும் வேளையில் பேச்சோ சிரிப்போ குறுக்கிட்டால் இந்த ஒழுங்கு பிசகிப் புரையேறுகிறது. 'யாரோ உன்னை நினைத்துக்கொள்கிறார்கள்' என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிக் கொடுத்த தாயின் அன்பு மெய்யானதே. ஆனால் தவறி நுழைந்த பருக்கையை வெளியேற்றுவது அந்தத் தட்டல் அன்று, அப்போது எழுகிற இருமல்.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல். சாண் நீளம்கூட இல்லாத இந்தக் குழலைப் பதினாறு முதல் இருபது வரை குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி, எந்நேரமும் திறந்தபடி வைத்திருக்கின்றன. அவை முழு வளையங்கள் அல்ல. குதிரை லாடம்போல் பின்புறம் திறந்தவை. பின்னால் உணவுக்குழல் கிடப்பதால், பெரிய கவளம் இறங்கும்போது அதற்குச் சற்றே இடம்விட்டு நெகிழ இந்த அமைப்பு உதவுகிறது. மார்பினுள் குழல் இரண்டாகக் கிளைக்கிறது. இடப்பக்கத்தில் இருதயம் இடம் பிடித்துக்கொள்வதால் இடது நுரையீரலுக்கு இரண்டே மடல்கள், வலப்பக்கத்துக்கு மூன்று. வலது கிளை சற்று அகன்றும் செங்குத்தாகவும் இறங்குவதால், குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டு ஓடும்போது தவறி உள்ளே போகிற வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே சென்று அடைகின்றன. பல் முழுதும் முளைக்காத குழந்தையின் கையில் வேர்க்கடலையைக் கொடுப்பது எத்தனை அபாயம் என்பதை நம் வீடுகள் இன்னும் போதுமான அளவுக்கு உணரவில்லை.

அதற்கு அப்பால் கிளை, கிளையின் கிளை என்று சுமார் இருபத்துமூன்று தடவை இந்தக் குழல் பிரிகிறது. தலைகீழாக நட்ட ஒரு மரத்தை மனத்தில் கொண்டால் வடிவம் விளங்கும். பெரிய கிளைகளின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள், காற்றடிக்கும் நெல்வயல்போல் அலையலையாகச் சாய்ந்து நிமிர்ந்து, தூசி ஒட்டிய சளிப்படலத்தை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அது தொண்டைவரை வந்து, நாம் அறியாமலே விழுங்கப்படுகிறது. பீடியின் புகையும் சிகரெட்டின் புகையும் இந்த இழைகளை மரத்துப்போகச் செய்கின்றன. வருஷக்கணக்கில் புகைப்பவன் காலையில் எழுந்ததும் குலுங்கக் குலுங்க இருமுவது, இழைகள் செய்யவேண்டிய வேலையை மார்பின் பலத்தால் செய்ய முயலும் முயற்சியே. புகை நிறைந்த அடுப்பங்கரையில் ஆயுளைக் கழித்த நம் பாட்டிமார்களும் அப்படியே இருமினார்கள். அவர்கள் புகைத்ததில்லை, விறகு அவர்களுக்காகப் புகைத்தது.

மரத்தின் கடைசிக் கொழுந்துகளில், கொத்துக் கொத்தாய், காற்று நுண்ணறைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலம் உடையது. இரு நுரையீரல்களிலுமாக அவை 30 கோடிக்குக் குறையா. இதுவே நம் முன்னோர் கண்ட நுரை. இவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரிக்கக்கூடுமானால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது ஒரு நடுத்தர வீட்டின் தரைப்பரப்பு, கிடைக்கும். நுண்ணறைகளைப் பின்னலாகச் சூழ்ந்திருக்கும் தந்துகிகளில் ஒரு கணத்தில் நிற்கும் இரத்தமோ சுமார் 70 மில்லிலிட்டர்தான். காப்பி குடிக்கும் தம்ளரில் பாதியளவு கொண்ட அந்தத் திரவத்தை ஒரு வீடு முழுவதும் மெழுகினால் எத்தனை மெல்லிதாகப் படியும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை மெல்லிதாகத்தான் இரத்தம் அங்கே காற்றின் முன்னால் விரிக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரின் கனம் பல இடங்களில் மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் காட்சியை முதன்முதலில் கண்டவர் இத்தாலியைச் சேர்ந்த மால்பீகி. இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் சுற்றிச் சுழன்று மீண்டும் இருதயத்தையே அடைகிறது என்று 1628இல் வில்லியம் ஹார்வி நிலைநாட்டியிருந்தார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே கடக்கிறது என்பதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. ஹார்வி மறைந்து நான்கு வருஷம் கழித்து, 1661இல், தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த மால்பீகி, காற்றறைகளையும் அவற்றின் சுவரில் ஓடும் மயிரிழை நாளங்களையும் ஒருங்கே கண்டார்.

அந்தச் சுவர் காற்றிலிருந்து பிராணவாயுவை முயன்று இழுக்கிறதா, அல்லது வாயு தானாகவே கடந்து செல்கிறதா என்பது நெடுங்காலம் விவாதமாக இருந்தது. கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்ற பேராசிரியர், சுவர் ஒரு சுரப்பிபோல் உழைத்து வாயுவைக் கடத்துகிறது என்று கருதினார். அவருடைய மாணாக்கரான ஆகஸ்ட் குரோ, தம் மனைவி மரீ குரோவுடன் சேர்ந்து நடத்திய நுட்பமான பரிசோதனைகளால், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு பரவும் இயல்பு ஒன்றே போதும், வேறு முயற்சி எதுவும் வேண்டியதில்லை என்று 1910இல் நிரூபித்தார். குருவின் சித்தாந்தத்தைச் சிஷ்யரே மறுக்க நேர்ந்தது. உண்மைக்கு முன் அப்படித்தான் நேரவேண்டும். இரத்தச் செவ்வணு ஒன்று அந்தத் தந்துகியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் வினாடி. அதில் முதல் கால் வினாடிக்குள்ளேயே அது பிராணவாயுவால் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. மீதி அரை வினாடி, ஓடும்போதும் மலையேறும்போதும் உதவுவதற்கென்று வைத்திருக்கும் சேமிப்பு. உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்காக இருக்கும் பிராணவாயு, வெளியே வரும்போது 16 பங்காகக் குறைகிறது. இல்லை என்றே சொல்லத்தக்க கரியமில வாயு 4 பங்காக ஏறுகிறது.

இத்தனை நுட்பமான உறுப்பு, காற்றைத் தானாக இழுத்துக்கொள்ள அறியாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தன்னை விரித்துக்கொள்ளும் தசை அதனிடம் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் இறுகித் தாழும்போதும், விலாவெலும்புகள் மேலெழும்போதும் மார்புக்கூடு பெரிதாகிறது. நுரையீரல் அந்தக் கூட்டைப் பின்தொடர்ந்து விரிகிறது. இரண்டையும் பிணைப்பது கயிறோ ஒட்டோ அல்ல. இரு சவ்வுகளுக்கு இடையே கசிந்திருக்கும் சிறிதளவு ஈரம். நனைந்த கண்ணாடித் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை வழுக்கும், ஆனால் எளிதில் பிரியா, அதுபோலத்தான் இதுவும். மார்பில் குத்துப்பட்டுக் காற்று அந்த இடுக்கில் புகுந்தால் பிணைப்பு அறுந்து, நுரையீரல் கைப்பிடியளவாகச் சுருண்டுவிடுகிறது.

அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் நாம் உள்ளிழுப்பது சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 வழியிலேயே குழல்களில் தங்கிவிட, 350தான் நுண்ணறைகளை எட்டுகிறது. மூச்சை வெளிவிட்ட பிறகும் உள்ளே இரண்டு லிட்டருக்கு மேல் பழைய காற்று எஞ்சியிருப்பதால், ஒரு மூச்சில் புதுப்பிக்கப்படுவது ஏழில் ஒரு பங்கே. இது குறைபாடு அன்று. வாய்க்கால் நீர் சிறிது சிறிதாக வந்து கலக்கும் குளம்போல, உள்ளிருக்கும் காற்று மூச்சுக்கு மூச்சு ஏறியிறங்கித் தடுமாறாமல், இரத்தத்தை எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில் சந்திக்கிறது.

நுரையீரலின் அசைவுதான் உயிரைக் காக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1667இல் லண்டனில் ராயல் சொசைட்டியின் முன்னிலையில் ராபர்ட் ஹூக், ஒரு நாயின் நுரையீரலில் சிறு துளைகளிட்டு, துருத்திகளால் இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, அது அசையாமல் விரிந்தபடியே நிற்கும்போதும் நாய் உயிருடன் இருப்பதைக் காட்டினார். வேண்டியது அசைவு அன்று, புதிய காற்று என்று தெளிந்தது. மூன்று வருஷங்களுக்கு முன்பு இதையொத்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டு, அந்தப் பிராணி பட்ட வேதனையை எண்ணி இனி இதைச் செய்யமாட்டேன் என்று எழுதியவரும் அதே ஹூக்தான். நம் அறிவின் பெரும்பகுதி இத்தகைய வாயில்லாப் பிராணிகளிடம் கடன்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

மூச்சின் தாளத்தை இடுவது மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம். அது எதைக் கேட்டு விரைவுபடுத்துகிறது, எதைக் கேட்டு மெதுவாக்குகிறது? பிராணவாயு குறைவதைக் கேட்டு என்றுதான் எவரும் ஊகிப்பர். ஆனால் இங்கிலாந்தில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சாதாரண நிலையில் முகுளம் கவனிப்பது கரியமில வாயுவையே என்று காட்டியது. நுண்ணறைக் காற்றில் அது சிறிதே மிகுந்தாலும் சுவாசம் இருமடங்காகிவிடும். கிணற்றில் முங்கி யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டும் சிறுவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிராணவாயுவோ அதிகம் கூடுவதில்லை. மேலே வா என்று உந்தும் தவிப்பு எழுமுன்னரே பிராணவாயு தீர்ந்து, நீருக்குள்ளேயே மூர்ச்சை வந்துவிடக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் இப்படி மாண்டிருக்கிறார்கள்.

இனி அந்த நுரைக்கு வருவோம். நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. சேம்பிலையில் விழுந்த துளி உருண்டையாவது அதனால்தான். நுண்ணறைகளின் உட்புறமும் ஈரமானது. அந்த ஈரம் வெறும் நீராயிருந்தால், அதன் இழுவிசை ஒவ்வொரு அறையையும் சுருக்கி மூடப் பார்க்கும். அதிலும் ஒரு விபரீதம் உண்டு. குமிழி சிறிதாக ஆக உள்ளழுத்தம் மிகும். ஆகவே அடுத்தடுத்துள்ள குமிழிகளில் சிறியது தன் காற்றைப் பெரியதனுள் கொட்டிவிட்டு மறையும். பட்டுப்புடவை அலசுவதற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கலக்கிய பாத்திரத்தில், சிறு குமிழிகள் மெல்லத் தேய்ந்து பெருங்குமிழிகள் வளர்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோடிக்கணக்கான சிறு அறைகள் அவ்வாறு தேய்ந்துபோகாமல், பெரியவற்றுக்குப் பக்கத்திலேயே நிலைத்திருக்கவேண்டுமே!

1929இல் கர்ட் ஃபான் நேர்கார்ட் என்ற மருத்துவர், நுரையீரலைக் காற்றால் விரிப்பதற்கு வேண்டிய அழுத்தத்தில் பாதிக்கும் குறைவானதே, அதைத் திரவத்தால் நிரப்பி விரிப்பதற்குப் போதும் என்று கண்டார். நுரையீரல் சுருங்கத் துடிப்பதற்குப் பெரும் காரணம் அதன் திசுவிலுள்ள நார்கள் அல்ல, ஈரத்தின் மேற்பரப்பே என்பது இதிலிருந்து பெறப்பட்டது. அந்தச் சிறந்த கண்டுபிடிப்பைக் கால் நூற்றாண்டு எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு, நச்சுவாயுவால் தாக்கப்பட்டவர்களின் மார்பில் பொங்கும் நுரையை அடக்க வழிதேடிய இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் பாட்டில், நுரையீரலிலிருந்து பிழிந்தெடுத்த குமிழிகள் உடைய மறுப்பதைக் கவனித்தார். மற்ற குமிழிகள் சுருங்கி மறையும் நீரில், இவை மாத்திரம் நெடுநேரம் அப்படியே நின்றன. அப்படியானால் அவற்றின் மேற்பரப்பில் இழுவிசை ஏறக்குறைய சூனியமாக இருக்கவேண்டும் என்று 1955இல் அவர் எழுதினார். இரண்டு வருஷத்தில் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸ் அந்த விசையை அளந்தே காட்டினார். நுண்ணறைச் சுவரில் இதற்கென்றே அமைந்த உயிரணுக்கள், கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருளைச் சுரந்து ஈரத்தின்மேல் பரப்புகின்றன. பூந்திக்கொட்டை நுரை செய்வதைக்காட்டிலும் ஒருபடி மேலான காரியத்தை அது செய்கிறது. அறை சுருங்கும்போது அதன் மூலக்கூறுகள் நெருங்கி இழுவிசையை வெகுவாகத் தணிக்கின்றன. விரியும்போது விலகி அதை ஏறவிடுகின்றன. சிறியது பெரியதனுள் கொட்டி அழியும் விபரீதம் நிகழாமல் காப்பது இதுவே.

1959இல் பாஸ்டன் நகரத்தில் மேரி எல்லன் ஏவரி என்ற குழந்தை மருத்துவர், ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து, குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த சிசுக்களின் நுரையீரலை ஆராய்ந்து, இந்தப் பொருள் அங்கே வேண்டிய அளவு இல்லாததைக் கண்டார். நோயின் காரணம் தெரிந்துவிட்டது. பரிகாரம் இன்னும் தெரியவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1963ஆம் வருஷம் ஆகஸ்டு 7ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பாட்ரிக், அதே பாஸ்டனில், 39 மணி நேரம் உயிரோடு போராடி இறந்தான். உலகத்தின் மிக வலிய தேசத்தின் தலைவர், தம் குழந்தைக்கு மூச்சை வாங்கித்தர முடியாமல் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

பிறகு, நியூஸிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவம் முந்தும் என்று தோன்றும் தாய்க்கு ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து பக்குவமடைகிறது என்று 1972இல் காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய அப்பொருளை, திணறிக்கொண்டிருந்த பத்துச் சிசுக்களின் மூச்சுக்குழலில் செலுத்தி நல்ல பலன் கண்டார். பால்போல் வெளுத்த சில மில்லிலிட்டர் திரவம். அது உள்ளே இறங்கியதும், நீலம் பாரித்திருந்த உடலில் செம்மை திரும்புவதைப் பார்த்த தாதியர் அந்தக் காட்சியை மறப்பதில்லை.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இது பிழை. சுமார் 24ஆம் வாரத்தில் சிறுகத் தொடங்கும் இந்தச் சுரப்பு, 35ஆம் வாரத்தை ஒட்டித்தான் போதிய அளவுக்கு வருகிறது; கருவில் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபமே. எட்டாம் மாதக் குழந்தை என்று கைவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கிய குடும்பங்கள் இருந்திருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

கருவிலிருக்கும் சிசுவின் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே இருக்கிறது. அதை எடுத்து நீரில் இட்டால் மிதக்காது. அதுவரை அது நுரையீரல் என்ற பெயருக்கு உரியதாகவில்லை. பிறந்த சிசு, குளிர்ந்த காற்று மேனியில் பட்டு, ஒருமுறை மார்பை முழு பலத்தோடும் விரிக்கிறது. இரத்தத்திலும் நிணநீரிலும் திரவம் வடியத் தொடங்க, காற்று அதன் இடத்தைப் பிடிக்கிறது. இதுகாறும் நுரையீரலை ஒதுக்கிவிட்டு இருதயத்தின் குறுக்குவழியில் சென்றுகொண்டிருந்த இரத்தம், வழி மாறி அங்கே பாய்கிறது. குறுக்குவழியின் கதவு சாத்திக்கொள்கிறது. மருத்துவச்சி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த அழுகை எழுகிறது. அந்த மூச்சை வெளிவிடும்போது அறைகள் முழுவதும் மூடிக்கொள்வதில்லை, காற்றில் ஒரு பங்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால் இரண்டாவது மூச்சுக்கு முதல் மூச்சின் பலம் தேவைப்படுவதில்லை. மூன்றாவதற்கு இன்னும் குறைவாகவே போதும்.